தங்கத் திட்டத்தில் கவிஞர் ஆனேன்: 24,500 ரூபாய்க்கு வந்த 100 புத்தகங்கள்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். புத்தகம் வந்தது. 45 நாள் என்றார்கள், 39ஆம் நாளே பட்டறை வாசலில் இரண்டு அட்டைப்பெட்டி இறங்கிவிட்டது. பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு போனை எடுக்காத ஆட்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருந்தேன். அதனால் இதற்கே ஒரு கும்பிடு போடலாம்.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, கேட்கவும் வேண்டாம். வெள்ளி, தங்கம், வைரம் என்று திட்டம் போட்டுக் கவிதைப் புத்தகம் அடித்துத் தருகிறவர்கள் இன்றைக்கு ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவதில் பாதியாவது எல்லோருக்கும் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

எனக்குக் கோவை கணபதியில் லேத் பட்டறை. மூன்று லேத், ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங். வேலை முக்கால்வாசி பம்ப் ஷாஃப்ட். இருபத்தேழு வருஷமாக ஜாப் கார்டின் பின்பக்கத்தில் கவிதை எழுதிவருகிறேன். முன்பக்கத்தில் பார்ட்டி பெயர், அளவு, எத்தனை பீஸ், பின்பக்கத்தில் இது. போன வருஷம் மகள் அத்தனை கார்டையும் உட்கார்ந்து டைப் அடித்துக் கொடுத்தாள். 71 கவிதை தேறியது. தேறியது என்று சொல்வது அளவுக்குத்தான், தரத்துக்கு அல்ல.

தங்கத் திட்டத்தில் இருந்தவை: டெம்மி அளவில் 96 பக்கம், 100 பிரதி, நேச்சுரல் ஷேட் தாள், மேட் லேமினேஷன் அட்டை, அட்டை வடிவமைப்பு, பிழைதிருத்தம், ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண், இணைய விற்பனை. எல்லாம் சேர்த்து 24,500. பில் வந்தபோது ஐஎஸ்பிஎன்னுக்குத் தனியாக 1,500 போட்டிருந்தது. இந்த எண்ணை மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. எழுதியவரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பணம் கட்டின பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. கேட்டேன். "அது பிராசஸிங் சார்ஜ் சார்" என்றார்கள். சரி, விட்டுவிட்டேன். இன்னொரு 3,500 ரூபாயும் போனது. அது தனிக் கதை, பிறகு வருகிறேன்.

அட்டையைப் பாராட்டியே ஆக வேண்டும். வடிவமைத்த பெண் தானாகவே போன் செய்து, "சார், உங்க பட்டறைல என்னென்ன இருக்கும், போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேட்டார். லேத்துக்கு அடியில் குவிந்துகிடந்த இரும்புச் சுருளைப் படமெடுத்து அனுப்பினேன். சூட்டில் நீலமேறிய சுருள். அதிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்து, வெள்ளை அட்டையில் கேள்விக்குறி மாதிரி நிறுத்தியிருந்தார். அந்த நிறுவனத்தில் என் கையெழுத்துப் பிரதியை அவர் ஒருவராவது புரட்டிப் பார்த்திருப்பார் என்று நம்புகிறேன். மற்ற யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை.

எப்படிச் சொல்கிறேன் என்றால், மௌனம். இந்தச் சொல்லை எழுதாமல் தமிழில் கவிதை எழுதினவன் உண்டா? ப்ரூஃப் வந்தது. படிக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. எதற்கோ ஒரு கவிதையைத் தேட 'மௌனம்' என்று அடித்துத் தேடினால், இல்லை என்கிறது. புத்தகம் முழுக்க மௌனமே இல்லையாம்! கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்த பிறகுதான் புரிந்தது. அவர்கள் பழைய எழுத்துருவில் மாற்றி அடித்ததில் எல்லாம் 'மெளனம்' ஆகியிருந்தது. மகரத்துக்கு முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் 'ள' என்கிற எழுத்து. வாய்விட்டுப் படித்தால் மெ-ள-னம். போன் செய்தேன். "ஸ்கிரீன்ல ரெண்டும் ஒண்ணாத்தான சார் தெரியுது" என்றார் அந்தத் தம்பி. அவர் சொன்னதும் பொய்யில்லை. நானே 14 இடத்தையும் குறித்து அனுப்பினேன். 11 சரியானது. மூன்று அப்படியே அச்சாகிவிட்டது.

இதில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 71 கவிதையில் 14 மௌனம் என்பது அச்சகத்தின் தப்பு இல்லை, என் தப்பு. யாராவது படித்திருந்தால், "ஏனுங்க, இவ்வளவு சத்தம் போடற பட்டறையில உக்காந்துட்டு எந்நேரமும் மௌனம் மௌனம்னா எப்படி?" என்று கேட்டிருப்பார்கள். பாதியை வெட்டியிருப்பேன். அந்தக் காலத்தில் எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி நடத்தியபோது, கவிதை அவர் மேசையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போனது. புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக விற்கப் போனவரும் அவரேதான். இந்தத் திட்டங்களில் மூட்டையும் என் தலையில், மேசையும் காலி. பிழைதிருத்தம் என்று போட்டிருப்பது ஒற்று பார்ப்பதற்குக்கூட அல்ல, படிவத்தில் ஒரு டிக் போடுவதற்கு. வேண்டாம் என்று சொல்ல அங்கே ஆளே கிடையாது. எத்தனை கவிதை அனுப்பினாலும் அருமை சார்தான்.

இனி 57ஆம் பக்கத்துக்கு வருகிறேன். இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

என் கவிதைகள் சின்னச் சின்ன வரிகள். ஒவ்வொன்றையும் புதுப் பக்கத்தில் தொடங்கினால் 112 பக்கம் வரும். கூடுதல் பக்கத்துக்குக் கூடுதல் பணம் என்றார்கள். 96க்குள் அடக்கச் சொல்லிவிட்டேன். ஒன்றன் பின்னால் ஒன்றாக ஓட்டிவிட்டார்கள். என் பட்டறையில் முப்பது வருஷமாக லேத் ஓட்டும் டர்னர் அண்ணனைப் பற்றி ஒரு கவிதை. அவருக்கு இடதுகையில் ஒரு விரல் இல்லை. நான் வருவதற்கு முன்னால், வேறொரு பட்டறையில் போனது. கவிதை இதுதான்:

ஒன்பது விரல் அண்ணனுக்குச்
சம்பளம் எண்ணிக் கொடுத்தேன்.
விரல்விட்டு அவரும் எண்ணினார்.
பத்தாவது ஆயிரத்துக்கு
லேத்தைப் பார்த்தார்.

நான் எழுதியதில் எனக்கே பிடித்தது இது ஒன்றுதான். புத்தகத்தில் இது 57ஆம் பக்கத்தின் அடியில் 'பத்தாவது ஆயிரத்துக்கு' என்பதோடு நிற்கிறது. தாளைத் திருப்பினால் 58ஆம் பக்கத்தின் தலையில் 'லேத்தைப் பார்த்தார்'. அதற்கு நேர் கீழே அடுத்த கவிதையின் தலைப்பு, 'கடவுள்'.

புத்தகம் வாங்கின ஒரு பார்ட்டி போன் செய்தார். "அந்த விரல் கவிதை படிச்சேனுங்க. பத்தாவது ஆயிரத்த அவருக்குக் குடுக்கவே இல்லீங்களா?" பக்கத்தைத் திருப்பச் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது. இன்னொருவர், சங்கத்தில் எனக்கு மூத்தவர், கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுச் சொன்னார்: "லேத்தைப் பார்த்தார் கடவுள்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் நீங்க நிக்கறீங்க." நான் நின்றது என்னவோ வாயடைத்துப் போய்த்தான். மறுக்கவும் மனசு வரவில்லை. நான் எழுதியதைவிட அது நன்றாக இருக்கிறதோ என்று அன்று ராத்திரி முழுக்க ஒரு சந்தேகம்.

உரைநடையில் ஒரு வரி அடுத்த பக்கத்துக்குப் போனால் ஒன்றும் குடிமுழுகாது. கவிதையில் வரி எங்கே ஒடிகிறது, எதற்குப் பிறகு வெள்ளை வருகிறது என்பதும் எழுதினவன் செய்த வேலை. டிராயிங்கில் போட்ட அளவு மாதிரி. அதை மாற்றினால் ஜாப் ரிஜெக்ட்.

அளவு என்றதும் கை சும்மா இருக்கவில்லை. வெர்னியரை எடுத்துப் பத்துப் பிரதியை அளந்தேன். 140 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய அகலம் 137.6இல் தொடங்கி 140.3 வரை போகிறது. அடுக்கி வைத்தால் ஓரம் ரம்பம் மாதிரி இருக்கிறது. பேரிங் உட்காரும் இடத்தில் இருபது மைக்ரான் தாண்டினால் ஷாஃப்டைத் திருப்பி அனுப்பும் ஊர் இது; புத்தகம் வெட்டுகிறவர்களுக்கு இரண்டரை மில்லி ஒரு கணக்கே இல்லை போலிருக்கிறது. பைண்டிங் வெறும் ஹாட் மெல்ட், சூட்டில் உருக்கி ஒட்டுகிற பசை, தையல் கிடையாது. டெம்போவின் டேஷ்போர்டில் ஏப்ரல் வெயிலில் ஒரு நாள் கிடந்த பிரதியைத் திறந்தால் நடுவில் எட்டுத் தாள் கையோடு வந்துவிட்டது. ஃபாரம் ஃபாரமாக மடித்துத் தைத்துத் தருகிற அச்சகம் இருந்தால், பிரதிக்குப் பத்துப் பதினைந்து கூடப் போனாலும் அதற்கே போங்கள்.

இனி அந்த 3,500. 'படைப்பாளர் கௌரவம்' என்று அதற்குப் பெயர். கட்டினால் ஒரு பட்டம், ஒரு கேடயம், ஒரு சான்றிதழ். 'கவி' என்று தொடங்கும் பட்டம், முழுசாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எப்படிக் கட்டினேன் என்று கேட்காதீர்கள், ஆசை. சென்னையில் விழா எடுத்துக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். கூரியரில் வந்தது. நான் ஒரு டெலிவரிக்குப் போயிருந்ததால், அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது டர்னர் அண்ணன். சமூக மாற்றத்துக்காக என் எழுதுகோல் ஆற்றிவரும் அரும்பணிக்காக என்று சான்றிதழில் இருந்தது. என் எழுதுகோல் பெரும்பாலும் ஷாஃப்டின் விட்டத்தைத்தான் குறிக்கும். வீட்டில் காட்டினேன். "ஏனுங்க, இதையும் காசு குடுத்தா வாங்குனீங்க?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. பதினைந்தாவது மௌனம்.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் என்று ஒரு புலவர். அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் கேட்டுப் போகிறார். அவன் நேரில் பார்க்காமலே பொருளைக் கொடுத்தனுப்புகிறான். என்னைக் காணாமல் கொடுத்த பொருளை வாங்கிக்கொள்ள நான் ஒன்றும் வாணிகப் பரிசிலன் அல்லேன் என்கிறார் புலவர். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா இதை நடத்தும்போது, வலிய வந்த காசை எவனாவது வேண்டாம் என்பானா என்று பின்பெஞ்சில் சிரித்தவன் நான். இப்போது பரிசிலும் நானே கொடுத்து, கூரியர் செலவும் நானே கொடுத்து, காணாமலே வாங்கிக்கொண்டேன். கேடயம் பட்டறையில் ஜாப் கார்டு பறக்காமல் இருக்க உதவுகிறது. அக்ரிலிக், நல்ல கனம்.

இணைய விற்பனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டு மாதத்தில் மூன்று பிரதி. இரண்டு என் மகள் வாங்கியது.

விற்காததில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. 1920இல் கடையத்தில் இருந்தபோது பாரதி ஒரு சுற்றறிக்கை எழுதினார். தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகமாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அடிக்கத் திட்டம். அதற்குக் கடன் கேட்கிறார். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிட வேகமாக விற்றுப்போகும் என்கிறார். பணம் வரவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் ஆளே போய்விட்டார். 1949இல் அரசாங்கம் அவர் எழுத்தின் உரிமையை வாங்கியது. அவருக்கே அப்படி. ஆனால் 1907இல் அவர் பாடக் கேட்ட வி. கிருஷ்ணசாமி ஐயர் சில பாட்டுகளை மட்டும் 15,000 பிரதி அடித்து இலவசமாகக் கொடுத்தார். அரசியலில் இருவரும் எதிரெதிர் அணி என்பது வேறு விஷயம். எங்கள் கோவையிலிருந்து 1971இல் வந்த 'வானம்பாடி' கவிதை இதழும் 'விலையிலாக் கவிமடல்' என்றுதான் தன்னைச் சொல்லிக்கொண்டது. கவிதைக்கும் கல்லாப்பெட்டிக்கும் நம் ஊரில் எப்போதுமே கொஞ்சம் தகராறுதான்.

அப்படியானால் எதற்குத்தான் இந்தக் கவிதை என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு பதில்தான் உண்டு. அது இந்த நிறுவனத்தின் வழியாக வரவில்லை.

பட்டறைக்கு ராடு ஏற்றிவரும் டெம்போ தம்பிக்கு ஊர் அன்னூர் பக்கம். அவருடைய அம்மா தவறிப்போய்விட்டார். எழவு கேட்கப் போயிருந்தேன். "அண்ணா, நீங்க எழுதுவீங்களாமா, ஃப்ளெக்ஸுக்கு ரெண்டு வரி குடுங்க" என்றார். எனக்கு அந்த அம்மாவைத் தெரியாது. என்ன செய்வார், யாரோடு பேசுவார் என்று கேட்டேன். காலையில் எழுந்ததும் மாட்டுக்குக் கழனித்தண்ணி ஊற்றிவிட்டுத்தான் தனக்குக் காப்பி போடுவாராம். கட்டுத்தரையைப் போய்ப் பார்த்தேன். சிகரெட் அட்டை ஒன்றைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன்:

தொட்டியில் கழனித்தண்ணி.
மாடு குடிக்கவில்லை.
ஊற்றின கையைத் தேடுகிறது.

ஃப்ளெக்ஸ் கடைப் பையனுக்குப் பிடிக்கவில்லை. "இதுல எதுக்குங்ணா மாடெல்லாம்? விண்ணுலகில் மறைந்த விடிவெள்ளியேன்னு ரெடியா வச்சிருக்கேன். நட்சத்திரம் பேக்ரவுண்டோட வரும்." தம்பி மசியவில்லை. ஆறுக்கு நாலு, சதுர அடிக்குப் பன்னிரண்டு ரூபாய், மாடு போட்டே அடித்தார்கள்.

அதை ஊர் முனையில் கட்டினார்கள். நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் எழுத்துக்கூட்டி வாசிக்க, கோல் ஊன்றிய ஒரு ஆத்தா கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது வரி முடிந்ததும், "நெசந்தான் சாமி. ரெண்டு நாளா அது மொகத்தக்கூடத் திருப்பல" என்றார். நான் எழுதினேன் என்று அவருக்குத் தெரியாது. கவிதை என்றும் யாரும் சொல்லவில்லை. சேதி மாதிரி கேட்டுவிட்டு நடந்துபோனார். அடுத்த லோடுக்குத் தம்பி வாடகை வாங்கவில்லை, 600 ரூபாய். கவிதை எழுதி நான் ஈட்டியது அது ஒன்றுதான். கண்டு கொடுத்த பரிசில்.

இதற்குப் பிறகு காதுகுத்துக்கு, புதுமனைக்கு, மின்கட்டணம் ஏறினதற்குச் சங்கம் நடத்திய ஆர்ப்பாட்டப் பேனருக்கு என்று ஆட்கள் வருகிறார்கள். ஆர்ப்பாட்டத்துக்கு எழுதியது சுமார்தான், கோபத்தில் எதுகை மட்டும் வந்தது.

புத்தகம் போட நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது: தங்கத் திட்டம் வேண்டாம். நான் முடித்துவிட்டு விசாரித்ததில் கோவை அச்சகம் ஒன்றில் இதே அளவில் 100 பிரதிக்கு 9,500 சொன்னார்கள். ஐஎஸ்பிஎன் இலவசம். அட்டைக்கு நல்ல வடிவமைப்பாளருக்கு நாலாயிரம் தனியாகக் கொடுங்கள், தகும். மிச்சப் பணத்தில், உங்கள் முகத்துக்கு நேராக "இது வேண்டாம்" என்று சொல்லக்கூடிய ஒருவரைப் பிடித்து, நல்ல பிரியாணி வாங்கிக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அச்சான பிறகு சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். 1954ஆம் வருஷச் சட்டப்படி பதிப்பிக்கிறவர் அனுப்ப வேண்டியது. என் நிறுவனம் அனுப்பியதா என்று இரண்டு முறை கேட்டேன், பதில் இல்லை. கடைசியில் நானே தபாலில் போட்டேன். ஜூலையில் கோவை கொடிசியா வளாகத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது போய்ச் சுற்றிப் பாருங்கள். நடத்துவது எங்களைப் போன்ற சிறுதொழில்காரர்களின் சங்கம்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

மதிப்பெண் என்றால், அட்டைக்கு ஐந்துக்கு நாலரை. சொன்ன நாளுக்கு முன்னால் தந்ததற்கு நாலு. மற்றதற்கெல்லாம் சேர்த்து ஒன்று.

டர்னர் அண்ணனுக்கு அந்தக் கவிதையை டீ நேரத்தில் நானே வாசித்துக் காட்டினேன், பக்கத்தைத் திருப்பி, கடைசி வரி வரைக்கும். பன்னை முக்கித் தின்றுகொண்டே கேட்டவர், "நல்லாருக்குதுங்க. ஆனா நான் அன்னிக்கு லேத்தைப் பார்க்கலீங்களே. அதுக்கு மேல கடிகாரம் இருக்குது பாருங்க, மணியப் பார்த்தேன். ஆறே காலு பஸ்ஸு போயிருமோன்னு" என்றார்.

இன்னும் 41 பிரதி கிரைண்டர் மேசைக்கு அடியில் இருக்கிறது. சிலதில் கட்டிங் ஆயில் வாசம் வரும். பட்டறைப் பக்கம் வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். 57ஆம் பக்கத்தின் அடியில் விட்டுப்போன வரியை என் கையாலேயே எழுதித் தருகிறேன். அண்ணனிடம் எழுதி வாங்கினால் 'மணியைப் பார்த்தார்' என்று இருக்கும்.